சரவாங்கிக்கு உணவு எந்த அளவுக்கு உதவும்? நம் வட்டாரச் சமையலில் எதை மாற்றுவது?

சின்னாற்றங்கரை (பாலக்கோடு) கேட்கிறார்:

அன்புடையீர், வணக்கம். என் அம்மாவுக்கு வயது 54. கடந்த தை மாதத்திலிருந்து, காலையில் எழுந்தவுடன் இரண்டு கைகளின் விரல் மூட்டுகளும் மணிக்கட்டுகளும் வீங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் மடக்க முடியாதபடி விறைத்துக்கொள்கின்றன. களி கிளறும் துடுப்பைப் பிடிக்க முடியவில்லை என்று அவரே வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு லிட்டருக்கு 24 மில்லிகிராம் இருந்தது, ஆன்டி சி.சி.பி. சோதனையும் நேர்மறையாக வந்தது. சரவாங்கி எனப்படும் முடக்குவாதம் என்று உறுதி செய்த மருத்துவர், வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் மெத்தோட்ரெக்சேட்டும், அத்துடன் ஃபோலிக் அமில மாத்திரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

உணவைப் பற்றிக் கேட்டதற்கு, “எல்லாம் சாப்பிடலாம்” என்ற ஒரு வரியோடு அவர் முடித்துக்கொண்டார். வீட்டிலோ ஆளுக்கொரு பத்தியம் சொல்கிறார்கள். கத்தரிக்காய், தக்காளி, புளி மூன்றையும் அடியோடு விட வேண்டும் என்கிறார் பெரியம்மா. மாத்திரையை நிறுத்திவிட்டு மஞ்சள் கேப்சூல் சாப்பிட்டால் போதும் என்கிறார் அத்தை. கீரை மருந்தை முறித்துவிடும் என்று மாமா எச்சரிக்கிறார். கைபேசியில் தேடினால் ஆலிவ் எண்ணெய், சால்மன் மீன், புளூபெர்ரி என்று பாலக்கோட்டுச் சந்தையில் கண்ணில் படாத பொருள்களாகவே வருகின்றன.

அம்மா இப்போது உண்பதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் இட்லி அல்லது தோசை, மதியமும் இரவும் வெள்ளைச் சோறு, மாலையில் பேக்கரி பஃப்ஸ் அல்லது பன், ஒரு நாளைக்கு நான்கு முறை இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட தேநீர். முன்பு தினமும் ஒரு வேளை களி இருந்தது. கிளற முடியாமல் போன பிறகு அது நின்றுவிட்டது. அழற்சியைக் குறைக்கும் உணவு என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? இருந்தால், எங்கள் வீட்டு அடுப்பில் அது எப்படி இருக்கும்? அனுபவமும் அறிவும் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

செந்தூரா (காவேரிப்பட்டணம்) பதில்:

சகோதரி, நான் ஒன்பது ஆண்டுகளாகச் சரவாங்கியுடன் வாழ்பவள். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் பேச்சுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

நோய் வந்த இரண்டாம் ஆண்டில், வீடு தேடி வந்து மஞ்சள் கேப்சூல் விற்ற ஒருவரின் பேச்சை நம்பி, மெத்தோட்ரெக்சேட்டை நான்கு மாதங்கள் நிறுத்திவைத்தேன். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. அதுவே என் நம்பிக்கையை வளர்த்தது. நான்காம் மாத முடிவில் வலது கை நடுவிரல் கோணிவிட்டது, இன்றுவரை நிமிரவில்லை. சரவாங்கியில் நம் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைப் பகையாக எண்ணித் தாக்குகிறது. வலி குறைந்திருக்கும் நாள்களிலும் அந்தத் தாக்குதல் உள்ளே நடந்துகொண்டிருக்கலாம் என்பதும், ஒருமுறை அரிக்கப்பட்ட எலும்பு பழைய நிலைக்குத் திரும்பாது என்பதும் எனக்கு அந்த விரல் கற்றுக்கொடுத்தவை. உணவு மருந்தோடு சேர்ந்து உதவும். மருந்தின் இடத்தை அதனால் பிடிக்க முடியாது.

மஞ்சளைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். அரூர்ப் பக்கத்து மஞ்சள் இல்லாமல் எங்கள் வீட்டுக் குழம்பு கொதித்ததில்லை. ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. மஞ்சள் தூளில் குர்குமின் என்னும் பொருள் சுமார் 3 விழுக்காடுதான். ஒருவர் ஒரு நாளில் அரைத் தேக்கரண்டி, அதாவது ஒன்றரை கிராம் மஞ்சள் உண்டாலும் கிடைப்பது ஏறத்தாழ 45 மில்லிகிராம். மூட்டுவலி ஆய்வுகளில் கொடுத்ததோ 500 முதல் 1,000 மில்லிகிராம் அல்லது அதற்கும் மேல். அந்த 45-லும் பெரும்பகுதி குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போவதில்லை. மிளகில் உள்ள பைப்பரின் சேர்ந்தால் உறிஞ்சப்படும் அளவு பல மடங்கு கூடுகிறது என்று 1998-இல் பெங்களூரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ரசத்தில் மஞ்சளும் மிளகும் ஒன்றாகச் சேர்வதில் நமக்கு நன்மையே தவிர இழப்பில்லை. அதே சேர்க்கையைக் கேப்சூலாகச் செறிவூட்டி நாள்தோறும் விழுங்கியவர்களில் சிலருக்குக் கல்லீரல் வீக்கம் வந்ததும் பதிவாகியிருக்கிறது. மெத்தோட்ரெக்சேட்டும் கல்லீரலைக் கவனிக்க வேண்டிய மருந்து. அதற்காகத்தான் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். எனவே கேப்சூல் வேண்டும் என்றால் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்க வேண்டாம்.

மாமா சொன்ன மருந்து முறிவைப் பற்றி நானும் பயந்திருக்கிறேன். அகத்திக்கீரை மருந்தை முறிக்கும் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். கீரையில் இருப்பது ஃபோலேட். உங்கள் அம்மாவுக்கு மருத்துவரே அதன் மாத்திரை வடிவத்தைத்தான் துணை மருந்தாகக் கொடுத்திருக்கிறார். ஆகவே இந்த மருந்துக்காகக் கீரையை விலக்கத் தேவையில்லை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் உண்பவர்கள் மட்டும் கீரையின் அளவைச் சீராக வைத்துக்கொள்ள வேண்டும். அது வேறு கணக்கு.

மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் என்பதை நாள்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். தினமும் விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

வத்தல்மலை (தருமபுரி) பதில்:

உணவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். “அழற்சியைக் குறைக்கும் உணவு” என்று ஒற்றைப் பொருளைத் தேடுவதில்தான் இந்தக் குழப்பம் தொடங்குகிறது. தட்டு முழுவதும் பல மாதங்களுக்கு எப்படி இருக்கிறது என்பதைத்தான் ஆய்வுகள் பேசுகின்றன. அமெரிக்க முடக்குவாத மருத்துவர் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சரவாங்கி உள்ளவர்களுக்கு மத்தியதரைக் கடல் நாட்டு உணவு முறையை மட்டும் நிபந்தனையோடு பரிந்துரைத்தது. மற்ற பெயர் பெற்ற பத்திய முறைகளையும் துணை மாத்திரைகளையும் பரிந்துரைக்கவில்லை. அந்த உணவு முறையை ஆலிவ் எண்ணெய்ப் புட்டி என்று மட்டும் புரிந்துகொள்ளக் கூடாது. தீட்டாத தானியம், பயறு, காய், கீரை, பழம், கொட்டை, மீன், தாவர எண்ணெய் ஆகியவை மிகுந்தும், இறைச்சியும் இனிப்பும் குறைந்தும் இருக்கும் தட்டு அது. நம் வட்டாரத்தில் கேழ்வரகுக் களி, கொள்ளுப் பருப்பு, கடைந்த கீரை, ஒரு பிடி வேர்க்கடலை, ஒரு கொய்யா என்று வைத்தால் அந்தத் தட்டின் பெரும்பகுதி நிறைந்துவிடும்.

இது ஏன் வேலை செய்கிறது என்றால், முதல் காரணம் நார்ச்சத்து. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் இந்த நாரைப் புளிக்கவைத்துக் குறுகிய கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. அவற்றுள் ஒன்றான பியூட்டிரேட் குடற்சுவரைக் காத்து, அழற்சியைத் தூண்டும் சைகைகளைத் தணிக்கிறது. இரண்டாவது காரணம் வயிற்றுக் கொழுப்பு. இடுப்பைச் சுற்றிச் சேரும் கொழுப்பு வெறுமனே கிடப்பதில்லை. இன்டர்லூகின்-6 போன்ற வேதிப்பொருள்களைச் சுரக்கிறது, அவற்றைக் கண்டு கல்லீரல் சி.ஆர்.பி.யை உற்பத்தி செய்கிறது. எடை கூடுதலாக உள்ளவர் எடை குறைந்தாலே சி.ஆர்.பி. குறைவதற்கு இதுவே காரணம். முழங்கால் வலி இருந்தால், குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் நான்கு கிலோ சுமை குறைகிறது என்பது கூடுதல் லாபம்.

களியிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. மிக நைசாக அரைத்துச் சலித்த மாவில் தவிடு போய்விடும். அந்தக் களி சர்க்கரையை ரத்தத்தில் வேகமாகவே ஏற்றும். மாவைச் சலிக்காமல் பயன்படுத்துங்கள், நொய்யைக் குறைத்துப் போடுங்கள், உருண்டையின் அளவைக் குறைத்துக் கீரையையும் பருப்பையும் கூட்டுங்கள். 2023 முதல் தருமபுரி மாவட்ட நியாயவிலைக் கடைகளில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு வாங்கிக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள். நிலம் இல்லாதவர்களுக்கும் அது கைக்கு எட்டுகிறது.

புளித்த கூழைப் பற்றிக் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 36 பேரைக் கொண்டு நடத்தி 2021-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பத்து வாரங்கள் தயிர் முதலிய புளித்த உணவுகளைக் கூடுதலாக உண்டவர்களின் ரத்தத்தில் அழற்சி தொடர்பான 19 புரதங்கள் குறைந்தன. அதே ஆய்வில் நார்ச்சத்தை மட்டும் கூட்டியவர்களிடம் அந்தப் பத்து வாரங்களில் அப்படி ஒட்டுமொத்தமான குறைவு காணப்படவில்லை. நார்ச்சத்தைப் புகழ்ந்த கையோடு இதையும் சொல்வதுதான் நேர்மை. அவர்கள் நம் கூழைச் சோதிக்கவில்லை. இருந்தாலும் மோர் ஊற்றிக் கரைத்த கூழுக்கு எதிராக என்னிடம் ஒரு வாதமும் இல்லை.

அம்மாவின் நாளில் நான் முதலில் கை வைக்கும் இடம் மாலை நேரம். நான்கு தேநீரில் எட்டுக் கரண்டிச் சர்க்கரை, கரண்டிக்கு 5 கிராம் என்றால் 40 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. வெல்லத்துக்கோ நாட்டுச் சர்க்கரைக்கோ மாறுவது நிறத்தை மாற்றுமே தவிரக் கணக்கை மாற்றாது. பஃப்ஸ் அடுக்கடுக்காகப் பிரிவதற்குக் காரணம் வனஸ்பதி வகைக் கொழுப்பு; அத்தகைய கொழுப்பில் இருக்கக்கூடிய மாறுபக்கக் கொழுப்பு (டிரான்ஸ் ஃபேட்) சி.ஆர்.பி. போன்ற குறியீடுகளை உயர்த்துவது தெரிந்த செய்தி. கொழுப்பு, எண்ணெய்ப் பொருள்களில் அது 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022-இல் நம் நாட்டில் வந்துவிட்டது என்றாலும், திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய்க்கு அந்த விதி முழுக் காவல் ஆகாது. பஃப்ஸுக்குப் பதில் அவித்த மொச்சையோ வேர்க்கடலையோ வைத்துப் பாருங்கள். ஓசூர்ப் பக்கம் மார்கழி, தை மாதங்களில் பச்சை அவரைக்கொட்டை மலிவாகக் கிடைக்கும்போது இதற்கு மேல் ஒரு சிற்றுண்டி எனக்குத் தெரியாது.

கத்தரிக்காய், தக்காளி விலக்குக்குப் போதிய ஆதாரம் இல்லை. தக்காளிக்குப் பெயர் போன பாலக்கோட்டில் இருந்துகொண்டு தக்காளியைத் துறப்பது தேவையற்ற தண்டனை. குறிப்பிட்ட ஒரு பொருளை உண்ட மறுநாளெல்லாம் வலி கூடுவதாக அம்மா உணர்ந்தால், அதை மட்டும் மூன்று வாரம் நிறுத்தி, பிறகு மறுபடி உண்டு பார்த்து முடிவு செய்யட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. முடக்கத்தான் தோசையும் பிரண்டைத் துவையலும் நல்ல உணவுகள். அவற்றை மருந்து என்று சொல்லும் அளவுக்கு மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் போதாது.

அணைக்கரை (கிருஷ்ணகிரி) பதில்:

மீனைப் பற்றி ஒரு குறிப்பு மட்டும். அழற்சியைத் தணிக்கும் ஒமேகா-3 கொழுப்பு, கடலின் எண்ணெய் மீன்களில்தான் மிகுதி: மத்தி, கானாங்கெளுத்தி. அணையிலும் ஒகேனக்கல்லிலும் கிடைக்கும் கெண்டை, கட்லா, ரோகு நல்ல புரதம் தருபவை. ஒமேகா-3 அவற்றில் குறைவு. நூறு கிராம் மத்தியில் ஏறத்தாழ ஒரு கிராமோ அதற்கு மேலோ கிடைக்கும். சரவாங்கியில் வலி குறைந்த ஆய்வுகளில் கொடுத்தது நாளொன்றுக்கு சுமார் 3 கிராம். கடையில் விற்கும் சாதாரண மீன் எண்ணெய் மாத்திரை ஒன்றில் அது 300 மில்லிகிராம்தான் இருக்கும், அதாவது பத்து மாத்திரை. அந்த அளவை மருத்துவர் சொன்னால் ஒழிய எடுக்க வேண்டாம். வாரம் இரண்டு நாள் மத்திக் குழம்பு வைத்தால் போதும். வறுப்பதைவிடக் குழம்பு மேல். அணைக்கு வருகிறவர்கள் கரையில் நின்று சாப்பிடும் பொரித்த மீனின் சுவையை நான் மறுக்கவில்லை, அதை ஒமேகா-3 கணக்கில் எழுதாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மீன் உண்ணாதவர்களுக்கு ஆளி விதை உண்டு என்றாலும், அதில் உள்ள கொழுப்பு நம் உடலில் மீன் வகை ஒமேகாவாக மாறும் அளவு மிகச் சிறியது.

ஊர்க்கிணறு (காரிமங்கலம்) பதில்:

எல்லோரும் தட்டைப் பற்றிப் பேசிவிட்டீர்கள். குவளையைப் பற்றி யாரும் பேசவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மூட்டுவலி என்றால், ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள ஃபுளூரைடை நினைக்காமல் இருக்க முடியாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டதற்கு அடிப்படைக் காரணமே இதுதான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளூரைடு உள்ள நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் முதலில் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறையும், அளவு இன்னும் கூடிய நீரானால் நாளடைவில் பெரியவர்களின் முதுகிலும் இடுப்பிலும் முழங்காலிலும் விறைப்பும் வலியும் வரும். சாதாரண வாதம் என்று எண்ணி எண்ணெய் தேய்த்தே காலத்தைக் கழித்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

சகோதரியின் அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை சரவாங்கியை உறுதி செய்திருக்கிறது; அதில் ஐயமில்லை. ஆனால் சரவாங்கி உள்ளவருக்கு ஃபுளூரைடு பாதிப்பும் சேர்ந்து வரக் கூடாது என்று விதி ஏதும் இல்லை. அப்படிச் சேர்ந்தால், ஃபுளூரைடால் வரும் வலியை அழற்சி தணிக்கும் உணவு தீர்க்காது. குடிக்க ஒகேனக்கல் நீரும், சமைக்க ஆழ்துளை நீரும் பயன்படுத்தும் வீடுகள் ஏராளம். களியும் சோறும் பருப்பும் வேகும்போது அந்த நீரையே உறிஞ்சிக்கொள்கின்றன. காய்ச்சினால் ஃபுளூரைடு போகாது. நீர் ஆவியாகி அது இன்னும் செறிவாகும். தேயிலையிலும் ஃபுளூரைடு உண்டு என்பதால், ஆழ்துளை நீரில் நான்கு வேளை கொதிக்கவைத்த தேநீர் இரட்டைக் கணக்கு. ஒரு லிட்டர் நீரைச் சுத்தமான பிளாஸ்டிக் புட்டியில் எடுத்துக்கொண்டு, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். ஃபுளூரைடு உள்ள பகுதிகளில் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் சியும் நிறைந்த உணவை வலியுறுத்துவார்கள். கேழ்வரகும் முருங்கைக்கீரையும் நெல்லிக்காயும் இங்கே இரண்டு வேலை செய்கின்றன.

சின்னாற்றங்கரை (பாலக்கோடு), இரண்டு மாதங்கள் கழித்து:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. தாமதமாக வந்து எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்வதற்கு ஏதாவது இருக்கட்டும் என்று காத்திருந்தேன்.

எங்கள் ஆழ்துளை நீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 2.1 மில்லிகிராம் என்று வந்தது. சமையலுக்கும் இப்போது குழாயில் வரும் ஒகேனக்கல் நீரையே பிடித்து வைக்கிறோம். வராத நாள்களில் சிரமம்தான். தேநீர் இரண்டாகக் குறைந்து, சர்க்கரையும் ஒரு கரண்டியாகிவிட்டது. பஃப்ஸ் இருந்த இடத்தில் அவித்த வேர்க்கடலை. மத்தி வாரத்துக்கு ஒரு முறைதான் முடிகிறது, அப்பாவுக்கு அதன் வாடை பிடிக்கவில்லை. சி.ஆர்.பி. 24-லிருந்து 9-ஆக இறங்கியிருக்கிறது. களியால்தான் இறங்கியது என்று அத்தை ஊரெல்லாம் சொல்கிறார். மெத்தோட்ரெக்சேட் வேலை செய்யத் தொடங்க ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால், நான் அதை மாத்திரையின் கணக்கில்தான் எழுதுகிறேன். காலை விறைப்பு அரை மணி நேரமாகக் குறைந்திருக்கிறது.

ஒரு சிக்கல் மட்டும் மீதி. களியை இப்போது அண்ணன்தான் கிளறுகிறார். ஒவ்வொரு நாளும் கட்டி தட்டிவிடுகிறது; அம்மா பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டே இருக்கிறார், துடுப்பை வாங்கிக்கொள்ளத் துடிக்கிறார். சலிக்காத மாவு என்பதாலா?

செந்தூரா (காவேரிப்பட்டணம்) பதில்:

மாவின் குறையன்று, அவசரத்தின் குறை. நொய் நன்றாக வெந்து, நீர் தளதளவென்று கொதிக்கும்போது மாவைக் குவியலாக நடுவில் கொட்டி, துடுப்புக் காம்பால் நடுவே ஒரு குழி மட்டும் போட்டுவிட்டு, தீயைத் தணித்து மூடிவைக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் தொடவே கூடாது. மாவு ஆவியில் முழுதும் வெந்த பிறகு இறக்கி, பாத்திரத்தைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு ஒரே பக்கமாகக் கிளறினால் கட்டி தட்டாது. மிஞ்சிய கொதிநீரைக் கொஞ்சம் முன்பே எடுத்து வைத்துக்கொண்டால், இறுகும்போது சேர்த்துக்கொள்ளலாம். அம்மாவிடம் துடுப்பை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கையை நனைத்து உருண்டை பிடிக்கும் வேலையை, சூடு சற்று ஆறிய பிறகு, அவரே செய்யட்டும். விரல்களுக்கு அந்த இளஞ்சூடு எனக்கு இதமாக இருக்கிறது.